இன்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை: ஏன்?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பைபர் படகில் பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினை எடுத்துவிட்டுப் புதியது மாட்டினோம். திருப்பும்போதும் அலையில் ஏறும்போதும் இன்ஜின் திடீரென்று கத்துகிறது, படகு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பெரிய நம்பர் புரொப்பெல்லர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம். முதலில் ஒரு அளவு டேப்பை எடுங்கள்.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று விட்டம், மற்றது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. கொஞ்சமும் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதுதான் பிட்ச். இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் 2-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் 2500 சுற்று சுற்றும். பிட்ச் 9 அங்குலம் என்றால் கணக்குப்படி மணிக்கு 34 கிலோமீட்டர் போக வேண்டும். வலையும் ஐஸும் ஆட்களும் ஏறிய படகில் ஜிபிஎஸ் 17 காட்டினால், பாதி நழுவிப் போகிறது என்று அர்த்தம். இலேசான உல்லாசப் படகுகளில் இந்த நழுவல் 10 முதல் 20 சதவீதம்தான். ஆனால் நழுவலே இல்லாத புரொப்பெல்லர் படகைத் தள்ளவும் தள்ளாது. தண்ணீரைப் புரொப்பெல்லரின் இலை கொஞ்சம் சாய்வாக வெட்டினால்தான் விசை பிறக்கும். அந்தச் சாய்வைத்தான் நாம் வெளியிலிருந்து நழுவல் என்று அளக்கிறோம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். புரொப்பெல்லர் இலை தண்ணீருக்குள் சுழலும் ஓர் இறக்கை. அதன் பின்முகம் தண்ணீரைத் தள்ளுகிறது. முன்முகத்திலோ அழுத்தம் குறைகிறது. தள்ளுவிசையில் பெரும்பங்கு இந்த முன்முகத்து உறிஞ்சலிலிருந்து வருகிறது. அங்கே அழுத்தம் அளவுக்கு மீறி விழுந்தால் தண்ணீர் கொதிக்கும். சூடேறி அல்ல, 30 டிகிரி கடல்நீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் இறக்கி, காற்றழுத்தத்தில் சுமார் 25-ல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், 30 டிகிரி போதும். இதுதான் கேவிடேஷன், குமிழாக்கம். இந்த நீராவிக் குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி, உலோகத்தைப் பொடிப்பொடியாகக் கொத்தி எடுக்கும்.

பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் இதில் வசமாக மாட்டினார். 1894-ல் நீராவிச் சுழலி பொருத்திய 'டர்பீனியா' கப்பலை அவர் கடலில் இறக்கியபோது, இன்ஜினில் வேண்டிய சக்தி இருந்தும் வேகம் மணிக்கு 20 கடல்மைலைத் தொடவில்லை. 1895-ல் செம்பில் ஒரு சிறிய தண்ணீர்ச் சுற்றுக்குழாய் செய்தார். உள்ளே 2 அங்குல மாதிரிப் புரொப்பெல்லர். காற்றுப் பம்பால் அழுத்தத்தைக் குறைத்தார், விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் பார்த்தார். குமிழ்கள் பிறப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு கப்பலுக்கு 3 தண்டுகள், தண்டுக்கு 3 புரொப்பெல்லர் என்று மொத்தம் 9 மாட்டினார். சுமை பல இலைகளுக்குப் பிரிந்தது. 1897-ல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், எந்தக் கப்பலாலும் பிடிக்க முடியாத வேகத்தில் டர்பீனியா ஓடிக் காட்டியது.

ஆனால் வாசகரின் படகில் நடப்பது பெரும்பாலும் இது இல்லை. அங்கே தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே மேலிருந்து காற்று இறங்கிவிடுகிறது. குமிழாக்கத்துக்கு அழுத்தம் 25-ல் ஒரு பங்காக விழ வேண்டும். காற்று இறங்க அவ்வளவு விழ வேண்டியதே இல்லை. ஓர் அடி ஆழத்துத் தண்ணீர், காற்றழுத்தத்துக்கு மேல் வெறும் 3 சதவீத அழுத்தம்தான் கூட்டுகிறது. இலை முன்முகத்தின் உறிஞ்சல் அதை மிஞ்சினால் போதும். மேலிருக்கும் காற்று, வழி கிடைத்த கணத்தில் சுழித்துக்கொண்டு கீழே பாயும். காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு இலேசு. அதைப் பிடித்துத் தள்ள முடியாமல் இன்ஜின் கத்துகிறது. இன்ஜினை 2 அங்குலம் இறக்கியதும் சத்தம் அடங்குவது ஆழத்தின் அழுத்தத்தால் என்று சிலர் நினைக்கிறார்கள். 2 அங்குலம் கூட்டும் அழுத்தம் வெறும் அரை சதவீதம்தான். அடைபட்டது காற்றின் வழி.

அந்த வழியை அடைக்கத்தான் புரொப்பெல்லருக்கு நேர்மேலே தட்டையான தட்டு ஒன்று இருக்கிறது. உயரக் கணக்கு முழுவதும் அந்தத் தட்டைச் சுற்றித்தான். படகின் அடிப்பகுதியோடு ஒட்டி ஒரு நீளமான ரீப்பரைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். தட்டு அதற்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருந்தால் தொடங்குவதற்குச் சரி. அவுட்போர்டுகள் 15 அங்குலப் பின்பலகைக்கு (இன்ஜின் மாட்டும் பின்பக்கப் பலகை) ஒரு நீளம், 20 அங்குலத்துக்கு ஒரு நீளம் என்றுதான் வருகின்றன. பழையது நீளத் தண்டு, புதியது குட்டைத் தண்டு என்றால் கதை அங்கேயே முடிந்தது. என் சந்தேகமும் அதன் மேல்தான். பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நட்டநடுவில் செங்குத்தாக அளந்தால் தெரிந்துவிடும்.

தட்டு சரியாக இருந்தும் கத்தினால் ஏராவை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பைப் பாருங்கள். அது பின்னால் மொட்டையாக முடிந்தால், அதன் பின்னே நுரைத்த தண்ணீர்தான் புரொப்பெல்லருக்குக் கிடைக்கும். முனையைச் சீவி ஒடுக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினை இன்னும் ஓர் அங்குலம் இறக்க வேண்டும்.

இணையத்தில் 'இன்ஜினை மேலே தூக்கு, வேகம் கூடும்' என்று வீடியோக்கள் இருக்கின்றன. பொய் இல்லை, ஆனால் அவர்கள் ஏரியில் 64 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர்கள். தண்ணீருக்குள் இருக்கும் இன்ஜின் பாகத்தின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 16 கிலோமீட்டரில் போகும் நம் படகைவிட அங்கே அது 16 மடங்கு. அலையடிக்கும் கரையிலிருந்து புறப்படும் மீன்பிடிப் படகு அந்த அரை அங்குலத்துக்கு ஆசைப்படக் கூடாது. அதோடு, குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளையும் கீழேதான் இருக்கிறது. இன்ஜினின் பக்கவாட்டில் பீச்சியடிக்கும் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் உயரம் அதிகம் என்று பொருள், உடனே வேகத்தைக் குறையுங்கள்.

உயரம் சரியான பிறகுதான் புரொப்பெல்லர். பெரிய பிட்ச் போட்டால் வேகம் கூடும் என்பது, பாரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் டாப் கியரில் ஓட்டச் சொல்வது மாதிரி. வழக்கமான பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டி, சுற்றுமானியைப் பாருங்கள். கையேட்டில் 5000 முதல் 6000 என்று இருந்தால் ஊசி அதற்குள், முடிந்தால் மேல்பாதியில் நிற்க வேண்டும். 4500-லேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். இன்ஜின் திணறும், சூடேறும், கரி படியும். ஓர் அங்குல பிட்ச் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும். பாரப் படகுக்கு விட்டம் பெரிது, பிட்ச் சிறிது என்பதே பொருத்தம். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சத் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம்.

புது இன்ஜினுக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, செலவு குறைவு. 'கண்ணு பட்டுடுச்சு, அதான் இழுக்கல' என்று வாரக்கணக்கில் எண்ணெயைக் கொட்டுவதுதான் வயிற்றெரிச்சல். கடற்படைக்காக விசாகப்பட்டினத்தில் குமிழாக்கச் சுரங்கம், அதாவது பார்சன்ஸ் செய்தது போன்ற சோதனைச் சுற்றுக்குழாய், வைத்திருக்கும் நாடு இது. எந்தப் படகு, எவ்வளவு பாரம், எந்த பிட்ச் என்று அளந்து, ஒவ்வொரு இறங்குதளத்துச் சுவரிலும் ஓர் அட்டவணை எழுதிவைக்க ஆகும் பணம், என் பார்வையில், மிகச் சிறிது. ஆராய்ச்சி என்றால் ராக்கெட்டாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

கடைசியாக ஒரு சோதனை. நேர்க்கோட்டில், அலையில்லாத நீரில்கூட இன்ஜின் கத்தினால், காற்றின் மேல் பழி போடுவதற்கு முன் புரொப்பெல்லர் நடுவிலுள்ள ரப்பர் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். பாறையில் அடிபட்டால் கியர் உடையாமல் இருக்க அது வழுக்கிக் கொடுக்கும், ஒருமுறை வழுக்கியது பிறகு பாரம் ஏறும்போதெல்லாம் வழுக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, பின்பக்கம் உள்குழாயிலிருந்து வெளிக்குடம் வரை பெயின்ட்டால் ஒரே கோடு இழுங்கள். காய்ந்ததும் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டி வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது, இன்ஜின் உயரத்தில் கைவைக்க வேண்டாம்.