அவசரத்தில் கட்டிய பீரங்கிப் படகுகள் ஏன் உளுத்துப்போயின?

1854-ல் கிரிமியப் போரில் இறங்கிய பிரிட்டிஷ் கடற்படையிடம் பெரிய பெரிய கப்பல்கள் இருந்தன. ஆனால் பால்டிக் கடலில் ரஷ்யக் கோட்டைகளை நெருங்க முடியவில்லை, ஆழம் பத்தாமல் தரை தட்டிவிடும். அதற்காகவே நீராவியில் ஓடும் சின்ன மரப்படகுகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஆல்பகோர் வகையில் மட்டும் 98. நீளம் 106 அடி, தண்ணீருக்குள் இறங்குவது சுமார் ஏழு அடிதான், ஆனால் அதில் நின்ற பெரிய பீரங்கியின் குண்டு ஒன்றே 31 கிலோ!

எஞ்சின்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அன்றைய போர்க்கப்பல்களில் வேலை முடிந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்க ஒரு தனி அமைப்பு இருக்கும், அது இடத்தையும் எடையையும் தின்னும். இந்தப் படகுகளில் அதைத் தூக்கிவிட்டு, ரயில் எஞ்சின் மாதிரி உயர் அழுத்த நீராவியால் பிஸ்டனைத் தள்ளி, மிச்சத்தைப் புகைபோக்கி வழியே வெளியே விட்டார்கள். படகு 'புஸ் புஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டே போகும். சிலிண்டர்களைப் படுக்கவைத்ததால் அவை நீர்மட்டத்துக்குக் கீழே, எதிரியின் குண்டுக்குச் சிக்காமல் இருந்தன.

கிரீனிச்சில் பட்டறை வைத்திருந்த ஜான் பென் 90 நாளில் 90 எஞ்சின் கொடுத்தார் என்பார்கள். மாதிரி எஞ்சினைக் கழற்றி, பாகங்களைப் பல பட்டறைகளுக்கு அனுப்பி, 'இதேபோல் செய்து தாருங்கள்' என்று கேட்டார். எங்கெங்கோ செய்த போல்ட்டும் நட்டும் எப்படிப் பொருந்தின? 1841-லேயே விட்வொர்த் என்பவர் மரையின் கோணம் 55 பாகை, இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று வரையறுத்திருந்தார். அந்த அளவு இல்லையென்றால் இந்த வேகம் நடந்தே இருக்காது.

சரி, எஞ்சினை அவசரப்படுத்தலாம், மரத்தை முடியாது. கனமான ஓக் கட்டை காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய தச்சர் கணக்கு. அதற்கு நேரமில்லாமல் பச்சை மரத்தையே அறுத்துப் போட்டார்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வைரம் பாயாத வெளிப்பகுதியில் அதற்குத் தீனியும் நிறைய. முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரத்தில் காற்று இல்லாததால் பூஞ்சை வளராது. ஆனால் படகின் உட்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவே கொஞ்சம் காற்று, நிறைய ஈரம், பக்கத்திலேயே பாய்லரின் சூடு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

போர் 1856-ல் முடிந்ததும் பல படகுகளை போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹாஸ்லரில் தண்டவாளம் போட்டுக் கரையேற்றி, கொட்டகைக்குள் பத்திரமாக நிறுத்தினார்கள். அப்புறம் பலகையைப் பிரித்துப் பார்த்தால், வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கட்டை இற்றுக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, சில படகுகளில் பலகையை ஊடுருவி மறுபக்கம் வரவேண்டிய செம்பு போல்ட்டுகளுக்குப் பதில் வெறும் தலையும் குட்டையான தண்டும்தான் இருந்தன.