பீதித் தாக்கம் ‘சும்மா பயம்’ அன்று

தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இளம் தாயொருவரை, மணிக்கட்டில் மந்திரித்த நூல்களோடு, நால்வர் எங்கள் கிளினிக்குக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் விறைத்து, உயிர் போகிறதென்ற அச்சத்தில் அவர் பற்றியிருந்த மாமியாரின் கையில் நகங்கள் பதிந்திருந்தன. இதயத் துடிப்புப் பரிசோதனை சீராக இருந்ததும், “ஒன்னுமில்லையாம், சும்மா பயந்திருக்கு” என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தே இதை எழுதுகிறேன்.

சிறுத்தை நடமாடினால் மக்களிடையே பீதி என்று பத்திரிகைகள் எழுதும். அந்தப் பீதிக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மண்சரிவு மூடியதை அறிந்தவர் அடைமழை இரவில் கண்விழித்திருந்தால், அவரை நான் நோயாளி என்று சொல்லமாட்டேன். அந்தத் தாய்க்கு வந்த பீதித் தாக்கமோ (panic attack), சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் காரணமே புலப்படாமல் திடீரென எழக்கூடியது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். தானாகவே தணிவதால்தான் அந்நேரம் கட்டிய நூலுக்கும் பூசிய திருநீற்றுக்கும் நற்பெயர் கிடைக்கிறது. தாக்கம் திரும்பும்போது நூல் இரண்டாகிறது. அடுத்தது எப்போது வருமோ என்று அஞ்சியே அந்தப் பெண் மலைக்குப் போவதை நிறுத்துகிறார். பேர் விழாமல், அதாவது வேலைநாள் பதியப்படாமல், சம்பளம் குறைகிறது, வீட்டிலோ சோம்பேறி என்ற ஏச்சு. நடிப்பும் அன்று, பேயும் அன்று, கோழைத்தனமும் அன்று; சிகிச்சையால் குணமாகும் நோய் அது.

ஆனால் முதன்முறை நெஞ்சு வலித்தால் அது பீதிதான் என்று வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்; சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. இரத்தசோகையும் தைரொயிட் கோளாறும் இதே படபடப்பைத் தரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

தாக்கத்தின்போது சுற்றி நின்று கூச்சலிடாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், வாயில் காகிதப் பையை வைக்காதீர்கள். அருகில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளிவிடச் சொல்லுங்கள். மருத்துவர் தரும் மாத்திரையைத் தூக்க மாத்திரை என்று எண்ணி மாமியார்மார் பாதியில் நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பலன் தெரியவே சில வாரங்கள் செல்லும். பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு. 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். கிளினிக்குக்கு வரும்போது தாக்கத்தை நேரில் கண்டவரையே கூட அனுப்புங்கள். எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அவரால்தான் சரியாகச் சொல்ல முடியும்.