எலக்ட்ரம்: வெண்பொன்னா, வெள்ளிப்பொன்னா?

எலக்ட்ரம் என்பது தங்கமும் வெள்ளியும் பாறைக்குள்ளேயே இயற்கையாகக் கலந்து விளைந்த உலோகம். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது 20 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி இருந்தால் அதை எலக்ட்ரம் என்பது கனிமவியல் வழக்கம். இதே ஐந்திலொரு பங்கைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதி வைத்துவிட்டார்.

கிரேக்க மொழியில் 'எலெக்ட்ரான்' என்ற சொல் மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரையும் குறித்தது, இந்த உலோகத்தையும் குறித்தது. தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதால் மின்சாரத்தின் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து பிறந்தது. உலோகத்துக்கு அப்பெயர் வந்ததோ அதன் வெளிர்மஞ்சள் நிறத்தால். இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டின் மிகப் பழைய நாணயங்கள் எலக்ட்ரத்தால் ஆனவை.

அந்த நிறத்தைக் காண விரும்பித் தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பத்தர் செம்பு கலந்த துண்டையும் வெள்ளி கலந்த துண்டையும் உரைகல்லில் அடுத்தடுத்து உரைத்துக் காட்டினார். முதல் கோடு சிவப்போடியது. இரண்டாவது வெளிறி, லேசாகப் பச்சை தட்டியது. "வெள்ளி ஏற ஏறப் பச்சையடிக்கும், அப்புறம் வெளுத்துடும் சார்" என்றார்.

தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறத்தாழ ஒரே அளவின. இரண்டின் படிக அடுக்கும் ஒன்றே. ஆகவே அவை எந்த விகிதத்திலும் கலக்கும். விகிதத்தைத் தீர்மானிப்பது பூமிக்குள் அவற்றைக் கரைத்துச் சுமந்து வந்த வெந்நீர்தான்: கோலாரைப் போல ஆழத்தில் உருவான படிவுகளில், கந்தகத்தோடு பிணைந்து வரும் தங்கம் பொதுவாக மாற்று, அதாவது தூய்மை, உயர்ந்தே இருக்க, எரிமலைப் பகுதிகளில் தரைக்கு அருகே வெந்நீர் கொதித்து உருவாகும் படிவுகளில் வெள்ளி மிகுந்து எலக்ட்ரம் விளைகிறது. ஆற்றில் உருண்டு வரும் பொன்மணியில் இன்னொரு விந்தை உண்டு. அதன் புறத்தோலிலிருந்து வெள்ளி கரைந்து போய்விடுவதால், மணியின் உள்ளே எலக்ட்ரமும் வெளியே ஏறக்குறையத் தூய பொன்னும் இருக்கக்கூடும்.

தமிழில் இதை 'வெண்பொன்' என்று எழுதலாமே என்று தோன்றும். அது பிழை என்றே கருதுகிறேன். நம் முன்னோர் இரும்பைக் கரும்பொன் என்றதுபோல வெள்ளியை வெண்பொன் என்றனர். அந்தச் சொல்லுக்கு உரிமையாளர் ஏற்கெனவே இருக்கிறார். சிலப்பதிகாரம் மதுரைப் பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னைச் சொல்கிறது. சிறை என்றால் சிறகு; பத்தர் காட்டிய அந்தப் பச்சைக்கு இதைவிட அழகான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் கிளிச்சிறை என்பது வெள்ளி கலந்த பொன்தான் என்று அடித்துச் சொல்ல நிறம் ஒன்று மட்டும் போதாது. எனவே பாடநூலிலும் கட்டுரையிலும் 'வெள்ளிப்பொன்' என்று எழுதி, முதல் முறை மட்டும் அருகே எலக்ட்ரம் என்று குறிப்பதே முறை.