சுவருக்குள் இருக்கும் தண்ணீர்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பக்கத்து ஃபிளாட்டில் மீன் குழம்பு தாளித்தால் எங்கள் சிங்குக்கு அடியில் வாசனை வருகிறது. நடுவில் இருப்பது வெறும் ஜிப்சம் பலகைச் சுவர். அங்கே தீப்பிடித்தால் தாங்குமா?”

சரியான பலகையாக இருந்தால் தாங்கும். எனக்குக் கவலை அந்த வாசனைதான்.

வீட்டுக்கு வீடு பிரிக்கும் சுவர் எத்தனை நிமிடம் தீயைத் தடுக்க வேண்டும் என்பதை நம் தென்னாப்பிரிக்காவில் சான்ஸ் (SANS) 10400 என்ற கட்டடத் தரநிலையின், தீப்பாதுகாப்பைப் பற்றிய ‘டி’ (T) பகுதி சொல்கிறது. சுவரைச் சுட்டுச் சோதிக்கும் உலை ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி செல்சியஸை எட்டும். விதித்த நிமிடங்கள் முடியும்வரை சுவர் சரியக் கூடாது, தீ ஊடுருவக் கூடாது, மறுபக்கத்தின் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது.

மெல்லிய பலகை இதை எப்படிச் சாதிக்கிறது? ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! 15 மி.மீ. பலகையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர். தொட்டால் ஈரமே தெரியாது, கல்லுக்குள் கல்லாகக் கிடக்கிறது. தீ சுட்டதும் அந்தப் பிணைப்பு அறுந்து, தண்ணீர் ஆவியாகிறது. வருகிற வெப்பத்தை எல்லாம் இந்த வேலையே விழுங்கிவிடும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழம்பு அடிப்பிடிக்காது அல்லவா, அதே கதைதான். தண்ணீர் வற்றும்வரை பலகையின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிய பிறகு ஜிப்சம் சுருங்கி விரிசல் விடத் தொடங்கும். அப்போது உதிராமல் பிடித்துக்கொள்ளத்தான் தீத்தடுப்புப் பலகையில் கண்ணாடி இழை கலக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வேதியியல் இது.

2023 ஆகஸ்ட் 31 அன்று ஜோகன்னஸ்பர்க் உசிந்திசோ கட்டடத்தில் தீப்பிடித்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே அறைகளைப் பிரித்திருந்த தற்காலிகத் தடுப்புகளே எரிந்தன.

தீ விபத்துக்குப் பிறகு திருஷ்டி கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் சிங்குக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. என் தங்கை ஃபிளாட்டில் நான் பார்த்தேன்: பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி, அதில் பழைய செய்தித்தாள் திணித்திருந்தது.

வாசனை வரும் வழியில் புகையும் வரும். பிளாஸ்டிக் குழாய் உருகினால் ஓட்டை இன்னும் பெரிதாகும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு தீத்தடுப்பு வளையம் மாட்ட வேண்டும். அதில் இருக்கும் கிராஃபைட் சூட்டில் பல மடங்கு பொங்கி, இளகிய குழாயை நெரித்து அடைத்துவிடும். சாதாரண ஃபோம் அடித்துவிட்டுப் போனால் விடாதீர்கள், அது எரியும். மேலாளரிடம் கேட்டு, தீத்தடுப்புச் சான்று பெற்ற பூச்சாலும் வளையத்தாலும் அடைக்கச் சொல்லுங்கள்.