ஐஸ் பெட்டி இல்லாமல் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப் அனுப்பாதீர்கள்

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து போன். "மேம், நாலு பேருக்கு மூஞ்செல்லாம் எரியுதுங்கிறாங்க. ஒருத்திக்குப் படபடன்னு வருது. ஏதோ அலர்ஜி போல."

என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்றேன். சூரை. எப்போது வாங்கினது? காலையில் ஆறு மணிக்கு, பாம்பனில். எப்போது சமைத்தீர்கள்? இதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். நடுவில் அந்த மீன் எங்கே இருந்தது? பையில்.

இந்த வருடத்தில் இப்படி மாட்டிக்கொண்ட மூன்றாவது மாணவர் குழு இது. பதினோரு வருடமாக உணவு அறிவியல் மாணவர்களை இந்தக் கடற்கரைக்கு அழைத்து வருகிறேன். இந்தப் பக்கத்துச் சாப்பாடு எங்கே விளைகிறது, யார் கை மாறுகிறது, எந்த அடுப்புக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கண்மாய்ப் பாசன நெல், கருப்பட்டி, முண்டு மிளகாய் என்று நிறைய உண்டு. ஆனாலும் எல்லாக் கல்லூரிக்கும் பிடித்த பயிற்சி ஒன்றுதான்: ஏலத்திலிருந்து ராமநாதபுரம் கடைத்தெரு வரை மீனின் பின்னால் போவது. போகட்டும். அதற்காக ஏலத்தில் வாங்கிய மீனைக் கையிலேயே தூக்கிக்கொண்டு பேட்டி எடுக்கப் போவார்களா? அனுப்பிய பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

முதலில் இது அலர்ஜி இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால், கிருமிகள் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அதில் சேரும். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகம், கழுத்து எரிச்சல், தலைவலி, அரிப்பு, படபடப்பு. சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரே சட்டி மீனைச் சாப்பிட்ட ஏழு பேரில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா? கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் 'மீன் அலர்ஜி' என்று சீட்டில் எழுதிவிட்டால், அந்தப் பெண் ஆயுசுக்கும் மீனைத் தொடமாட்டாள். டாக்டரிடம் என்ன மீன், எப்போது வாங்கியது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ அது எதனால் என்று ஆராயவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடத்துக்கு வருகிறேன். "நல்லா பொரிச்சுத்தானே மேம் சாப்பிட்டோம்?" மூன்று குழுவும் இதையேதான் கேட்டது. உணவு அறிவியல் படிக்கிற பிள்ளைகள்! கிருமியைத் தீ கொல்லும். கிருமி ஏற்கெனவே உண்டாக்கி வைத்த ஹிஸ்டமினைத் தீ ஒன்றும் செய்யாது. பொரித்தாலும் இருக்கும், குழம்பில் கொதித்தாலும் இருக்கும், பிரஷர் குக்கரில் பத்து விசில் விட்டாலும் இருக்கும். உப்புப் போட்டுக் காயவைத்தால் கருவாட்டிலும் இருக்கும். பிரீசரில் வைத்தால் அப்படியே பத்திரமாக இருக்கும். மஞ்சளும் புளியும் எலுமிச்சையும் கவிச்சியை எடுக்கும், இதை எடுக்காது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விஷத்தை முறிக்கும் சக்தி கிடைக்கவில்லை. "நாத்தமே இல்லையே மேம்" என்பது அடுத்தது. நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் வந்துவிடலாம். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தால் உடனே துப்பிவிடுங்கள். சுருக்கென்று இல்லை என்பதால் நல்ல மீன் என்றும் அர்த்தமில்லை.

"இன்னைக்குப் பிடிச்ச மீன்" என்பதையும் நம்பிவிடாதீர்கள். ராமேசுவரம் விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ஏலத்தில் நீங்கள் பார்க்கும் மீன் முந்தின நாள் மாலையே செத்திருக்கலாம். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது, நீங்கள் காசு கொடுத்த நேரத்திலிருந்து இல்லை. கல்லூரிகளுக்கு லீவு கிடைப்பதோ மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான். சந்தையில் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்த மீனும் இருக்கும். அதையும் 'உள்ளூர் மீன்' என்று எழுதி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். சரி, அது வேறு கதை.

பொறுப்பாளர்களுக்குச் சொல்கிறேன். பேட்டி நாளில் மாணவர்கள் மீன் வாங்கக் கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தெர்மோகோல் பெட்டி, கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ். அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். உருகின தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. வாங்கின உடனே வையுங்கள். மத்தியானம் ஞாபகம் வந்து ஐஸ் போட்டால் அதற்குள் சேர்ந்தது குறையாது. பெட்டி இல்லையா, அன்றைக்குச் சாம்பார் வையுங்கள். பேர் தெரியாத மீனை ஆசைக்கு வாங்க வேண்டாம். உடம்பை ஊதிக்கொள்ளுமே, அந்தப் பேத்தை மீனை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்த விஷம் உயிரையே எடுக்கும், அதையும் சமைத்துப் போக்க முடியாது. தயவுசெய்து புறப்படும் முன் ஒரு அரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். பெட்டிக்கான காசைப் பயணச் செலவில் எழுதிவிடலாம்.

பாம்பனில் எனக்குப் பழக்கமான மீன்கார அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏந்தாயி, ஐஸ் இல்லாம மீனைத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்துனா அது மீனா, கருவாடா?" என்று கேட்டுவிட்டுச் சாக்கைத் தூக்கி, மீன்மேல் கிடந்த ஐஸைக் காட்டினார்.

நேற்று அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் பரிந்துரை: 'மீன் விற்கும் பெண்களுக்குக் குளிர்பதனம் குறித்து விழிப்புணர்வு தேவை.' அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.