உறைந்து நிற்பது திரையா, மனிதரா?

வீடியோ அழைப்பில் ஆலோசனை பெறுபவர் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார். முகத்தில் அசைவில்லை. இணைப்பு உறைந்துவிட்டதா, சொல்ல வந்தது தொண்டையில் சிக்கி நிற்கிறதா? நேரில் என்றால் இந்தச் சந்தேகமே எழாது. மூச்சும் விரல் அசைவும் காட்டிக்கொடுத்துவிடும். இணையவழி கவுன்சலிங்கில் இந்தக் குறிப்புகளை வேறு வழியில் பிடிப்பதற்கே ஆலோசகர் நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் மில்லி விநாடிகளில் தொடங்குகிறது. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவுதான் என்று பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இணையத்தில் ஒரு திசைக்கு 150 மில்லி விநாடி தாமதம் என்றாலே, போய்த் திரும்புவதற்குள் 300 கூடிவிடும். மனமோ அதை இணைப்பின் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ‘நான் சொல்வதில் இவருக்கு அக்கறை இல்லையோ’ என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது.

அழைப்புச் செயலியும் தன் பங்குக்குக் கெடுக்கும். இரைச்சலைக் குறைக்கும் வசதி பேச்சை மட்டும் கடத்துவதற்காக உருவானது. பெருமூச்சு, மூக்கை உறிஞ்சும் ஒலி, அடக்கிய விம்மல் எல்லாம் அதற்கு இரைச்சலாகத் தோன்றலாம். ஆலோசகர் காது கொடுத்துக் கேட்பதே இவற்றுக்காகத்தான்! அந்த வசதி பெரும்பாலும் பேசுபவரின் கருவியிலேயே இயங்குவதால், அதைக் குறைத்து வைக்கும்படி முதல் அமர்விலேயே அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் பேசினால் இன்னொரு தொல்லை. ஆலோசகர் ஆறுதலாகச் சொல்லும் ‘ம்’ மறுமுனை ஸ்பீக்கரில் ஒலிக்கும். எதிரொலியை நீக்கும் மென்பொருள் அந்தக் கணத்தில் மைக்கை அமுக்கும். ஆலோசனை பெறுபவர் சொல்லிக்கொண்டிருந்த சொல் ஒன்று பாதியில் விழுங்கப்படும். அதனால் பழகிய ஆலோசகர்கள் ‘ம்’ கொட்டுவதைக் குறைத்துத் தலையசைக்கிறார்கள். மௌனத்துக்கும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருக்கும்: “நான் பேசாமல் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். உங்கள் படம் நின்றுபோனால் கையை உயர்த்துவேன்.”

பார்வைக்கு வருவோம். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்தால், மறுமுனைக்குக் கண் தாழ்ந்தே தெரியும். அவருடைய படத்தைக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தி, சற்றுப் பின்தள்ளி அமர்ந்தால் கோணம் குறையும். தோளும் கைகளும் சட்டத்துக்குள் வரும். தன் முகம் தெரியும் சிறு கட்டத்தை இருவருமே மறைத்துவிடலாம். அழும்போது தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் கடினம்.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் “இப்போது எங்கிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டு முழு முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஆபத்து நேரத்தில் உதவியை அனுப்ப அது இல்லாமல் முடியாது. இணைப்பு அறுந்தால் யார் யாரை எத்தனை நிமிடத்தில் அழைப்பது, அவசரத்தில் யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் ஒப்புதலோடு முன்பே முடிவாக வேண்டும். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு குறிச்சொல்லும் தேவை. துன்புறுத்துபவரே பக்கத்து அறையில் இருந்தால் வீடியோ அமர்வே ஆபத்தாகலாம்.

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 படிவத்தில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. மொத்தம் குறைவாக இருக்கலாம். ஆனால் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறு எண் இருந்தால் முதலில் பேச வேண்டியது அதைத்தான். இணையத்தில் முன்கூட்டியே நிரப்பி அனுப்பிய படிவத்தை அமர்வு நாள்வரை யாரும் திறக்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் மோசமான தவறு.

திரைவழி முறைக்கென்றே ஒரு வலுவும் உண்டு. திரும்பத் திரும்பக் கை கழுவும் மனச்சிக்கலுக்கான பயிற்சியை, அவரைத் தினமும் வாட்டும் அதே குழாயடியில், அதே கதவுக் கைப்பிடியில் செய்ய முடிகிறது.

நேரில் வந்தவருக்கு வீடு திரும்பும் வழியில் மனம் ஆற அவகாசம் இருந்தது. திரையில் அழைப்பு முடிந்த மறுநொடியே கதவுக்கு அப்பால் குடும்பம் நிற்கும். எனவே 50 நிமிட அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய காயம் எதையும் கிளறுவதில்லை. மூச்சை நிதானப்படுத்தி, காலடியில் தரையை உணரச் செய்து, கதவைத் திறப்பதற்குமுன் இன்னும் சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்லி அழைப்பை முடிக்கிறார்கள்.