நிலவில் கொடி ஆடியது ஏன்?

"காற்றே இல்லாத நிலவில் கொடி எப்படி ஆடும்?" மனிதன் நிலவுக்குப் போனதே பொய் என்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் கேள்வி இதுதான். கேட்பவரைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நல்ல கேள்வி அது. நிலவில் காற்று இல்லை என்ற அந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாலே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

காற்றில்லாத இடத்தில் கொடி துவண்டு தொங்கிவிடும் என்று நாசாவுக்குத் தெரியும். அதனால் கொடியின் மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, சன்னல் திரைக்குச் செருகுவது போல உள்ளே ஒரு குறுக்குக் கம்பியைச் செருகினார்கள். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அந்தக் கம்பியை முழுதாக இழுத்து நீட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. துணி சுருங்கியபடியே நின்றுவிட்டது. அந்தச் சுருக்கம்தான் புகைப்படத்தில் காற்றில் படபடப்பது போலத் தெரிகிறது. வீடியோவில் கொடி ஆடுவதும் உண்மைதான். கம்பத்தைத் திருகித் திருகி மண்ணில் இறக்கும்போது துணியும் சேர்ந்து ஆடுகிறது.

கொடியை விட எனக்குப் பெரிய சாட்சி, தூசி. நம் ஊர் மண் சாலையில் ஒரு லாரி போனால் புழுதி மேகமாக எழும்பி, லாரி மறைந்த பிறகும் அந்தரத்தில் நிற்கும். பொடித் தூசியைக் காற்று தாங்கிப் பிடிப்பதால்தான் அப்படி. 1972-இல் அப்போலோ 16 வீரர்கள் நிலவில் வண்டி ஓட்டிய படத்தைப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் தூசி, எறிந்த கல்லைப் போல வளைந்து போய் அப்படியே தரையில் விழுகிறது. மேகம் என்று ஒன்று எழும்பவே இல்லை. பூமியில் இதைப் படமாக்க வேண்டுமென்றால் வண்டி ஓடுகிற அளவுக்குப் பெரிய கூடம் கட்டி, அதிலிருந்து காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும்.

சரி, நட்சத்திரங்கள் எங்கே? நிலவில் இறங்கியதெல்லாம் பகலில். வெயிலில் பளபளக்கும் வெள்ளை உடையைப் படமெடுக்க கேமராவை நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தார்கள். அதற்குள் மங்கலான நட்சத்திரம் ஃபிலிமில் பதியாது. ஆனால் அதற்கென்றே ஜார்ஜ் கேருதர்ஸ் வடிவமைத்த புற ஊதாக் கேமராவை அப்போலோ 16 கொண்டுபோனது. அது நிலவில் நின்றபடியே நட்சத்திரங்களைப் படமெடுத்தது.

ஆறு பயணங்களில் வந்து சேர்ந்த பாறையும் மண்ணும் 382 கிலோ. நிலவில் இருக்கும் அனார்த்தோசைட் பாறை நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் உண்டு. அதை அரைத்துத்தான் சந்திரயான் 2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. அப்படியானால் அதையே நிலவுப் பாறை என்று காட்டியிருக்கலாமே? முடியாது. நிலவுப் பாறையின் மேற்பரப்பை உருப்பெருக்கியில் வைத்தால், ஓரத்தில் கண்ணாடி உருகி வழிந்த குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும். மணலை விடச் சிறிய விண்துகள்கள் அசுர வேகத்தில் மோதியதால் வந்தவை. பூமியில் கிடக்கும் கல்லில் அப்படி ஒரு குழி விழாது. அந்தத் துகள்களின் வேகத்தைக் காற்று மேலேயே அடக்கிவிடும்.

லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளை அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்தார்கள்; இன்றும் அவை வேலை செய்கின்றன. ஆனால் இதை மட்டும் வைத்து வாதாட மாட்டேன். சோவியத்தின் ஆளில்லா வண்டிகளிலும் அப்படிப்பட்ட கண்ணாடிகள் இருந்தன. ஆள் போனதற்குச் சாட்சி, காலடித் தடம்தான்.

1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இன் ஷெப்பர்டும் மிட்செலும் ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் என்ற பள்ளத்தைப் பார்க்க மேடேறினார்கள். மூச்சிரைத்தது, வழி தெரியவில்லை, நேரமும் தீர்ந்துவிட்டது. விளிம்பைக் காணாமலே திரும்பினார்கள். 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலம் அந்த இடத்தைப் படமெடுத்தது. அழித்துவிடக் காற்றோ மழையோ இல்லாததால், மெல்லிய கருங்கோடாக அந்தத் தடம் அப்படியே கிடக்கிறது. மேட்டில் ஏறிப் போய், பள்ளத்தின் விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் முன்னால் திரும்பிவிடுகிறது.